மூன்றாவது தட்டல்

ஜூன் 4

விரலம்மாவுக்கு,

டிக்கெட் அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி உன் விலாசத்தை வாங்கினேன். "போன் பண்ணா எடுக்க மாட்டாளாம். லெட்டர் எழுதச் சொன்னா. எழுத்துல உங்களுக்கு நடிக்க வராதாம்" என்று சொல்லிவிட்டு, கவுண்டர் கதவைப் படாரென்று மூடிக்கொண்டாள். கட்டின புருஷன் என்கிற மரியாதை அவளுக்கும் இல்லை, உனக்கும் இல்லை. சரி, எழுதுகிறேன்.

நீ செய்தது என்னவென்று உனக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. நம் நாடகம் யார் காலத்தில் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. அதில் ஒரு வார்த்தையை இதுவரை யாரும் மாற்றியதில்லை. நண்பன் பேச்சைக் கேட்டு, பிரபு தன் மனைவியைச் சந்தேகப்பட்டு அறையில் வைத்துப் பூட்டுகிறான். கதவுக்கு வெளியே நின்று "இருக்கிறாயா?" என்று கேட்கிறான். உள்ளேயிருந்து ஒரு தட்டல். மறுபடி கேட்கிறான். மறுபடி ஒரு தட்டல். மூன்றாம் முறை கேட்கும்போது சத்தம் இல்லை; அவள் செத்துப்போயிருக்கிறாள். ஜனங்கள் டிக்கெட் வாங்குவதே அந்தச் சத்தமில்லாத நேரத்துக்குத்தான். ஒன்பது வருஷமாக அந்த ப்ளைவுட் கதவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தட்டியவள் நீ. உனக்கு நான் பாடம் நடத்த வேண்டுமா?

அந்தச் சனிக்கிழமை மூன்றாவதாகவும் தட்டினாய். முன்வரிசையில் ஒருத்தன் "அதான் இருக்காளே, தொறய்யா" என்றான். அரங்கமே சிரித்தது. நான் காதில் விழாதது மாதிரி கதவைத் திறந்து, உள்ளே போய், அவளுடைய சால்வையை எடுத்துக்கொண்டு வந்து அழுதேன். நான் அழுத அழுகைக்கும் சிரித்தார்கள். எத்தனை வருஷப் பெயர், ஒரு விரலில் போய்விட்டது.

ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியும். பிரபுவின் அம்மா வேஷம் எனக்குக் கொடுங்கள் என்று நீ நாடகக் கம்பெனி முதலாளியிடம் கேட்டபோது, நான் எல்லார் முன்னாலும் "உனக்கு விரல் மட்டும் போதும்" என்று சொன்னேன். அது தமாஷ். அதற்கு இப்படியா பழி வாங்குவது?

மேக்கப் ரூமில் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் "நான் தட்டலை" என்றாய். ஒரு தடவை "ஆமாம், கோபத்தில் செய்துவிட்டேன்" என்றிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டிய விஷயமா இது?

ஒத்துக்கொண்டு ஒரு வரி எழுது. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்

*

ஜூன் 9

பிரபுவுக்கு,

நான் தட்டவில்லை. இது நாலாவது தடவை. இதற்கு மேல் சொன்னால் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

இரண்டாவது தட்டல் முடிந்ததும் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. விரலில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு மேக்கப் ரூமுக்கு ஓடுவேன். கதாநாயகி அக்கா செத்த கையோடு உங்களுக்கு அம்மாவாக மேடைக்கு வர வேண்டுமே, நரைமுடி வைத்துவிட வேறு ஆள் ஏது? நீங்கள் மூன்றாவது கேள்வி கேட்கும்போது என் கையில் ஊசியும் வாயில் இரண்டு கொண்டை ஊசியும் இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான்.

அக்காவிடம் விசாரித்தீர்கள். பவுடருக்காகக் கண்ணை மூடியிருந்தவள் "நான் பார்க்கலையே" என்றாள். பார்க்கவில்லை என்றால் அங்கே நான் இல்லை என்றா அர்த்தம்? நாடகத்திலும் அந்த நண்பன் இதைத்தானே சொல்கிறான், "அவளை நான் வீட்டில் பார்க்கவில்லையே" என்று. அந்தத் தப்புக்காக நீங்கள் தினமும் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறீர்கள். அழுதுவிட்டு, முகத்துச் சாயத்தோடு அதையும் துடைத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட வருகிறீர்கள்.

விரல் மட்டும் போதும் என்றது வலித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காக நாடகத்தைக் கெடுப்பேன் என்று நினைத்தீர்கள் பாருங்கள், அதுதான் என்னைக் கிளப்பியது.

இங்கே ஒரு சட்டைக் கம்பெனியில் பட்டன் வைக்கிற வேலை. கையும் விரலும்தான் இதற்கும் மூலதனம், சிரித்துக்கொள்ளுங்கள். மாடியில் ஒரு அறை. வீட்டுக்கார அம்மா நல்ல மாதிரி. அறையில் ஒரு ஜன்னல், ஒரு கட்டில். கட்டிலுக்குப் பின்சுவரில் ஆணி அடித்து மூடிய ஒரு கதவு. என் ராசியைப் பாருங்கள், இங்கேயும் ஒரு கதவுக்குப் பக்கத்தில்தான் இடம்.

எனக்கு மன்னிப்பு வேண்டாம், அம்மா வேஷமும் வேண்டாம். "நீ தட்டவில்லை, நம்புகிறேன்" என்று எழுதுங்கள். அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

விரலம்மா

*

ஜூன் 16

விரலம்மாவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது.

உன் ஸ்டூலில் இப்போது டிக்கெட் அக்கா உட்காருகிறாள். கவுண்டரை மூடிவிட்டு வந்து இரண்டு தடவை தட்டிவிட்டுப் போய்விடுவாள். வியாழக்கிழமை அவள் தட்டி முடித்து, முதலாளிக்குப் பக்கத்தில் பக்கத் திரையோரம் வந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். தட்டல் வந்தது.

வெள்ளிக்கிழமையும் வந்தது. நேற்றும் வந்தது.

தச்சர் கதவைக் கழற்றித் தட்டிப் பார்த்தார். மழை ஈரத்தில் பலகை உப்புகிறது என்றார். அப்புறம் எலி என்றார். மருந்து வைக்கப் போகிறாராம். எலி நடுவிரல் முட்டியால் தட்டுமா? தட்டுவதற்கு முன் ஒரு மூச்சு தயங்குமா? ஒன்பது வருஷம் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவன் நான். உன் தட்டல் எனக்குத் தெரியும்.

கோபப்படாதே, கேட்கத்தான் செய்வேன். சாயங்கால பஸ்ஸில் வந்துவிட்டுப் போகிறாயா? டிக்கெட் அக்கா உனக்கு உடந்தையா? அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறாள். ஆனால் உங்கள் இரண்டு பேரையும் எனக்குத் தெரியாதா?

இன்னொன்று சொல்ல வேண்டும். இப்போது யாரும் சிரிப்பதில்லை. தட்டல் கேட்டதும் முன்வரிசை அப்படியே உறைந்துபோகிறது. நான் அதைத் தாண்டி, கேட்காதது மாதிரியே கதவைத் திறக்கிறேன். முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "உள்ளே பேயே இருந்தாலும் வசனத்தை மாத்தாதே. மாத்தினே, அன்னைக்கே கம்பெனியை இழுத்து மூடிடுவேன்."

சரி, அந்தச் சனிக்கிழமையும் எலியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். போதுமா? கிளம்பி வா.

உன் வீட்டுக்காரன்

*

ஜூன் 20

பிரபுவுக்கு,

எலியாக இருக்கட்டும் என்கிறீர்கள். பெண்டாட்டியை நம்புவதைவிட எலியை நம்புவது சுலபமாக இருக்கிறது உங்களுக்கு.

நான் பஸ் ஏறவில்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வியாழக்கிழமையிலிருந்து தட்டுவது நான்தான்.

பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்காமல் படியுங்கள். அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தேன். ஆணி அடித்த அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது. முதலில் பக்கத்து வீட்டு டிவி என்று நினைத்தேன். "இருக்கிறாயா?" என்றீர்கள். யாரோ தட்டினார்கள். என் தட்டல் இல்லை, மோதிரம் போட்ட விரல், டிங்கென்று ஒரு உலோகச் சத்தம் கூடவே வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதாகக் கேட்டீர்கள். ஒன்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. அந்நேரம் மேக்கப் ரூமில் இருப்பேன். இவ்வளவு பயத்தோடா அதைக் கேட்பீர்கள்? எனக்குத் தாங்கவில்லை. கை தானாகப் போய்த் தட்டிவிட்டது.

தட்டியது உங்களுக்குக் கேட்டது. நீங்கள் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. அப்புறம் சாவி திரும்புகிற சத்தம். அப்புறம் நீங்கள் எனக்காக அழுதீர்கள். நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், அங்கே நான் செத்துப்போய்விட்டேன், ஜனங்கள் கை தட்டுகிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை யார் தட்டியது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இங்கே இருக்கிற நான்தான் அன்றைக்கும் தட்டினேனோ என்னவோ. அதை யோசித்தால் தலை சுற்றுகிறது, விட்டுவிட்டேன்.

ஆனால் இதை விட முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பஸ்ஸில் கண்டக்டர் எனக்கு முன்னால் இருந்தவளுக்கும் பின்னால் இருந்தவளுக்கும் டிக்கெட் கொடுத்தான். என்னிடம் கேட்கவில்லை. சனிக்கிழமை சூப்பர்வைசர் எல்லா மிஷினுக்கும் துணிக்கட்டு போட்டுக்கொண்டே வந்தவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார். கூப்பிட்டேன். "அட, நீ எப்போ வந்தே?" என்றார். காலையிலிருந்து அங்கேதான் இருந்தேன். நேற்று நான் உள்ளே இருக்கும்போதே வீட்டுக்கார அம்மா என் அறைக்கு வெளியே பூட்டுப் போட்டுவிட்டாள். தட்டினேன். திறந்தவளுக்கு முகமெல்லாம் வியர்வை. "காலி ரூம்லேர்ந்து சத்தம் வருதேன்னு பயந்துட்டேன்மா" என்றாள். நான் குடியிருக்கிறேன் என்பதை நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

நீங்கள் ஒவ்வொரு முறை அழும்போதும் இங்கே நான் கொஞ்சம் இல்லாமல் போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரே ஒரு முறை, அந்த மேடையில், அத்தனை பேர் முன்னால், "இருக்கிறாள்" என்று சொல்லுங்கள். அதற்கப்புறம் நாடகம் என்னவாகும் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. நான் இருப்பேன், அவ்வளவுதான்.

விரலம்மா

*

ஜூன் 24

என் விரலம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராகக் கவுண்டருக்குப் போனேன். டிக்கெட் அக்காவின் கையைப் பார்த்தேன். நடுவிரலில் மோதிரம். "எப்போலேர்ந்து போட்டிருக்கே?" என்றேன். "ரெண்டு வாரமாத்தான், தம்பி. பொண்ணு வாங்கிக் கொடுத்தா" என்றாள். உனக்கு இதை யாரும் சொல்லியிருக்க முடியாது. அங்கேயே திகைத்துப்போய் நின்றுவிட்டேன்.

நான் கோழை. இதை வேறு யாருக்கும் எழுத மாட்டேன். அரங்கம் நிறைய ஜனம் இருக்கும்போது என் வாயில் பழைய வசனத்தைத் தவிர வேறு எதுவும் வராது. இதைச் சொன்னால் நீ சிரிப்பாய், வீட்டிலும் எனக்கு அப்படித்தான். தெரிந்த வசனத்தைத்தான் உன்னிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை இந்த அரங்கத்தில் கடைசிக் காட்சி. அதற்கு முன்னால் மூன்று காட்சிகள் இருக்கின்றன. அவற்றில் வசனத்தை மாற்றினால் முதலாளி மற்றவர்களின் பிழைப்பிலும் மண்ணைப் போடுவார். கடைசி நாள் என்றால் என்னை மட்டும்தான் திட்டுவார். அதுவரை பொறுத்துக்கொள். பஸ்ஸில் வாய்விட்டுப் பேசு. வீட்டுக்கார அம்மாவிடம் தினமும் ஏதாவது கேள்.

ஞாயிற்றுக்கிழமை நன்றாக, பலமாகத் தட்டு. அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். நீ தட்டு, நான் சொல்கிறேன். இது சத்தியம்.

உன் வீட்டுக்காரன்

*

ஜூன் 27

அன்புள்ள உங்களுக்கு,

பிரபு என்று எழுத இன்றைக்கு மனசு வரவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். சந்தோஷமாகத்தான். மத்தியானம் பட்டன் வைத்துக்கொண்டே மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். "நீ தட்டு, நான் சொல்கிறேன்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

இன்னமும் உங்களுக்குத் தட்டல் வேண்டியிருக்கிறது. மோதிரத்தைப் போய்ப் பார்த்த பிறகுதான் என் பேச்சு உண்மையாகியிருக்கிறது. நான் மேக்கப் ரூமில் நின்று சொன்னபோது அதில் என்ன குறை இருந்தது? கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டால் இருக்கிறாள் என்று யார்தான் சொல்ல மாட்டார்கள்? அந்த முன்வரிசைக்காரன்கூடத்தான் சொன்னான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் தட்ட மாட்டேன். நீங்கள் மூன்றாவதாகக் கேளுங்கள். சத்தம் வராது. அப்போது சொல்லுங்கள், இருக்கிறாள் என்று. நான் வாயைத் திறக்காமல், விரலை அசைக்காமல் இருக்கும்போது எனக்காக ஒரு வார்த்தை. இதை வீம்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இது இல்லாமல் நான் திரும்பி வந்தால், அடுத்த சண்டையில் மறுபடி இங்கேதான் வந்து நிற்பேன்.

பக்கத்து சைக்கிள் கடையில் குறடு வாங்கி வந்து கதவின் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். பாதி வந்துவிட்டது, ஒரு டம்ளரில் போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னதும் தள்ளித் திறந்துவிடுவேன். அந்தப் பக்கம் நம் மேக்கப் ரூம் இருக்கும் என்று ஏனோ தோன்றுகிறது. பவுடர் வாசனைகூட வருகிறது.

வீட்டுக்கார அம்மா இன்று அறையைக் கழுவிவிட்டாள். நான் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டேன். என்னைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள். வாசலில் "வாடகைக்கு" என்று போர்டு தொங்குகிறது.

தபால் ஆபீஸில் என்னைக் கவனிக்கவே இல்லை. கையில் மிச்சமிருந்த ஸ்டாம்பை ஒட்டி நானே பெட்டியில் போடுகிறேன். சனிக்கிழமைக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும்.

உங்களை நம்புகிறேன். நான் முதலில் எழுதிவிட்டேன் பாருங்கள்.

விரலம்மா

*

ஜூலை 1

விரலம்மாவுக்கு,

நேற்றே எழுதியிருக்க வேண்டும். கை ஓடவில்லை.

நான் தயாராகத்தான் இருந்தேன். வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. முதல் கேள்வி, டிக்கெட் அக்காவின் தட்டல். இரண்டாவது, அவள்தான். மூன்றாவதாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். சத்தம் இல்லை. இன்னும் காத்திருந்தேன். எந்தப் பிரபுவும் அந்தக் கதவுக்கு முன்னால் அவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டான். பக்கத் திரையோரம் முதலாளி செருமினார். காதைப் பலகையில் வைத்துக்கூடக் கேட்டேன். ஒன்றுமே இல்லை.

நீ மனசு மாறிவிட்டாய் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் எல்லாமே எலிதான், தச்சர் வைத்த மருந்து வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். இன்னும் என்னென்னவோ நினைத்தேன். நினைத்துக்கொண்டே சாவியைப் போட்டுத் திறந்துவிட்டேன்.

அப்புறம் நடந்தது நான் நடித்ததா என்று தெரியவில்லை. அரங்கம் எழுந்து நின்றது. முதலாளி கட்டிப்பிடித்துக்கொண்டார். கதாநாயகி அக்கா மட்டும், "இன்னைக்குத்தான் நீங்க நிஜமா அழுதீங்க" என்று சொல்லிவிட்டு ஒரு மாதிரி பார்த்தாள்.

ஒரு விஷயம். உள்ளே போய் எடுத்த சால்வை சூடாக இருந்தது. அப்போதுதான் யாரோ தோளிலிருந்து எடுத்துப் போட்ட மாதிரி.

ஏன் தட்டவில்லை? உடம்புக்கு ஏதாவதா? முதலாளியிடம் அம்மா வேஷத்துக்குப் பேசிவிட்டேன், சரி என்றுவிட்டார். ஒரு வரி எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

உன் வீட்டுக்காரன்

*

ஜூலை 4

விரலம்மா,

இதைத் தபாலில் போடவில்லை. உன் அறையில், உன் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் இருபத்தேழாம் தேதிக் கடிதம் செவ்வாய்க்கிழமைதான் கைக்கு வந்தது. முத்திரையே குத்தவில்லை. பையின் அடியில் கிடந்தது, எப்படி வந்தது என்று தெரியவில்லை என்றார் தபால்காரர். அடுத்த அரங்கத்துக்கான ஒத்திகையில் இருந்தேன்; படித்து முடித்தபோது முகத்தில் பாதி மேக்கப் இருந்தது. அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கார அம்மா, "மாடி ரூமா? அது ரொம்ப நாளா காலியாத்தானேப்பா இருக்கு" என்றாள். உன் சட்டைக் கம்பெனி வாசலில் காத்திருந்து சூப்பர்வைசரைப் பிடித்தேன். அந்த மிஷினில் ஆள் போடவே இல்லை என்றார். உன்னை எனக்குத் தெரியும் என்று சொல்ல இந்த ஊரில் ஒரு ஆள் கிடைக்கவில்லை.

ஆனால் ஜன்னல் விளிம்பில் டம்ளர் இருக்கிறது. அது நிறைய ஆணிகள். பக்கத்தில் சைக்கிள் கடைக் குறடு. சீப்பில் உன் முடி.

கதவு மூடித்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் என்ன என்று வீட்டுக்கார அம்மாவைக் கேட்டேன். "ஒண்ணுமே இல்லப்பா. ஒட்டின வீட்டை இடிச்சுட்டாங்க. திறந்தா வெறும் ஆகாசம், அதான் ஆணி அடிச்சு வெச்சேன்" என்றாள். இறங்கிப் போய்ப் பார்த்தேன். மாடிச் சுவரில் ஒரு கதவு தனியாக நிற்கிறது, கீழே படி இல்லை. அதன் அடியில் உடைந்த செங்கலும் புல்லும்தான். புல் ஒன்றுகூட மடங்கவில்லை. மறுபடி மேலே வந்துவிட்டேன்.

காட்சி நேரத்துக்குக் கட்டிலை நகர்த்திவிட்டுக் கதவின் முன்னால் நின்றேன். மேடையில் நிற்கிற மாதிரி இல்லை. "இருக்கிறாயா?" என்று கேட்டேன். பதில் இல்லை. இரண்டாவதாகக் கேட்டேன். மூன்றாவதாகவும் கேட்டேன்.

பவுடர் வாசனை வந்தது. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நான் சாவியை எடுப்பேன். இங்கே சாவி வேண்டாம், ஒரு தள்ளு தள்ளினால் போதும். தள்ளவில்லை. திறந்து பார்த்துத்தான் ஒவ்வொரு நாளும் உன்னைக் கொன்றேன். அந்த வேலையை இனிமேல் செய்ய மாட்டேன்.

"இருக்கிறாள்" என்று சொன்னேன். பலமாகத்தான் சொன்னேன். வீட்டுக்கார அம்மா படியேறி வந்து எட்டிப் பார்த்தாள். "யாருப்பா இருக்கா?" என்றாள். "என் பெண்டாட்டி" என்றேன். அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, கீழே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, வாசலில் போர்டைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

முதலாளியிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். கட்டிலை மறுபடி கதவோரம் போட்டுக்கொண்டேன். இந்தக் கடிதத்தை மடித்துக் கதவின் அடியில் தள்ளப்போகிறேன். அந்தப் பக்கம் தரை இல்லை என்று எனக்குத் தெரியும்.

பதில் போடு என்று எழுத வந்தேன். வேண்டாம். தட்டவும் வேண்டாம். நீ ஒன்றுமே சொல்லாவிட்டாலும் இருக்கிறாய் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

உன் வீட்டுக்காரன்